குடவோலை எடுத்த சிறுவனும் வழக்குத் தீர்க்கும் மாணவனும்

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் சோழர் கால ஊராட்சியின் சிறப்பை எடுத்துரைப்பதோடு அமைந்துவிடுவர். முதற் பராந்தகன் ஆட்சியில் கி.பி. 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பெற்ற அவ்விரு சாசனங்களும், ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் முறையை நுணுக்கமாகக் கூறுகின்றன. பிந்திய சாசனத்தின்படி, வாரியத்துக்கு வருவோர் 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்குள்ளும் இருத்தல் வேண்டும். வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், கல்வியும், நேர்வழியில் ஈட்டிய பொருளும் உடையவராதல் வேண்டும். முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் விலக்கப்படுவர். அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்படுவர்.

இத்தனை முதியோருக்கு நடுவே, அச்சாசனத்தில் ஒரு சிறுவனும் வருகின்றான். பெயர் எழுதிய ஓலைகள் இட்ட குடத்தினுள் கைவிட்டு ஓலையை எடுப்பவன் அவன்தான். அவனுக்கு அப்பணி கிடைத்ததன் காரணம் கருதத்தக்கது. உள்ளே கிடக்கும் ஓலைகளின் வேறுபாடு அறியாதவன் என்பதே அவனுடைய தகுதி. ஊர் அவையில் பிள்ளைக்கு இடம் இருந்தது. ஆயின், அவனுக்கு ஒன்றும் தெரியாது என்னும் உறுதியின்மேல் அவ்விடம் அமைந்திருந்தது.

கரிகாலனைப் பற்றிய கதையும் இதற்குத் துணை நிற்கின்றது. பொருநராற்றுப்படையின் உரை வழியாகவும் பழமொழி நானூறு வழியாகவும் தமிழறிந்தோர் நன்கறிந்த கதை அது. வழக்குக் கொண்டுவந்த முதியோர் இருவர், மன்னன் இளையனாதல் கண்டு, இவன் முறை அறிந்து தீர்ப்புக் கூறுவானோ என்று ஐயுற்றனர். அவன் நரைமுடி புனைந்து முதியவனாக வந்து அமர்ந்து, வழக்கைக் கேட்டுத் தீர்ப்பு வழங்கினான் என்பர். கரிகாலனின் அறிவுக்குச் சான்றாகவே இக்கதை வகுப்புகளில் சொல்லப்படுகின்றது. மற்றொரு செய்தியும் அதனுள் உண்டு. அறிவு இருந்தும் இளையவன் ஒருவன் நரையை இரவல் வாங்கியே அவையில் அமர வேண்டியிருந்தது என்பதே அது.

முடிவெடுக்கும் ஆற்றலும் பிணக்குத் தீர்க்கும் ஆற்றலும் வயது முதிர்ந்தால் தாமே வந்தடையும் என்னும் எண்ணம் தமிழரிடையே நெடுங்காலம் நிலவி வந்துள்ளது. அவற்றை 12 வயதிலும் 13 வயதிலும் கற்பிக்க வேண்டும் என்னும் கருத்து பிற்காலத்தது. அக்கருத்து மலாயாத் தமிழரிடையே எவ்வாறு தோன்றியது, எவ்வளவு வளர்ந்தது, எங்கே நின்றுபோயிற்று என்பதை ஆராய, மலாக்கா மாநிலத்தின் ஆயர் குரோவும் அதனைச் சூழ்ந்த பழைய தோட்டப்புறங்களும் தக்க இடமாகும்.

தோட்டத்தில் தீர்ப்பு வழங்கியோர்

மலாயாவின் ரப்பர் வரலாறு இவ்வட்டாரத்தில்தான் தொடங்குகின்றது. சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி பலரிடமும் ரப்பரின் பயனை எடுத்துச் சொல்லி வந்தார். அவர் சொல்லைச் செவிமடுத்தவர் மலாக்காவைச் சேர்ந்த சீனச் செல்வர் தான் சாய் யான். 1896-இல் அவர் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பர் பயிரிட்டார். வணிக நோக்கில் அமைந்த மலாயாவின் முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. பின்னர் புக்கிட் அசஹானில் பல்லாயிரம் ஏக்கரில் அப்பயிர் பரவிற்று. தோட்டங்கள் பெருகப் பெருக, கங்காணி முறையில் தமிழகத்து மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் வந்து குடியேறின. 1938-இல் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும் வரை அவ்வரவு ஏற்றமும் இறக்கமுமாக நீடித்தது.

தோட்ட வாழ்வில் முடிவுகள் யாவும் மேலிருந்து வந்தன. விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவதிலிருந்து, எவர் எந்த நிரையில் பால் வெட்டுவது, எவருக்கு வெளிக்காட்டு வேலை, எந்த லயத்தில் எவர் குடியிருப்பது என்பது வரை கங்காணியும் கிராணியும் துரையுமே தீர்மானித்தனர். தொழிலாளிக்குள் பிணக்கு நேர்ந்தால் அது தண்டலிடமோ கங்காணியிடமோ போகும். அங்கே தீராவிடில் ஆபீசுக்குப் போகும். முறையீடு மேலே ஏறும். தீர்ப்பு கீழே இறங்கும். இவ்வமைப்பினுள் பிறந்து வளர்ந்த பிள்ளை, சண்டை என்றால் பெரியவரிடம் சொல்லிக்கொடுப்பது அல்லது அடித்துத் தீர்ப்பது என்னும் இருவழிகளை மட்டுமே கண்டது.

மூன்றாவதாக ஒரு வழியும் தோட்டத்தில் இருந்தது. அது பஞ்சாயத்து. கோயில் திடலிலோ மரத்தடியிலோ கூடிய மூத்தோர், குடும்பச் சண்டை, கொடுக்கல் வாங்கல், திருமணப் பேச்சு முறிதல், திருவிழாத் தகராறு முதலியவற்றை விசாரித்தனர். தண்டம் விதித்தால் அது பெரும்பாலும் கோயிலுக்குச் சேரும். பஞ்சாயத்தின் நன்மை, இருதரப்பையும் எதிரெதிரே நிறுத்திப் பேசவைத்தமை. ஊரார் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டுச் சேர்ந்துகொள்ள இடமளித்தமை. அதன் குறை, ஆடவரான மூத்தோர் மட்டுமே அதில் பேசினர். சாதி வேற்றுமையும் கங்காணியின் செல்வாக்கும் தீர்ப்பில் புகுந்தன. பெண்கள் பெரும்பாலும் சாட்சிகளாகவும் குற்றஞ்சாட்டப்பட்டோராகவும் வந்தனரேயன்றித் தீர்ப்புக் கூறுவோராக வரவில்லை. பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தனர். குடத்தில் கைவிட்ட அச்சிறுவனுக்குக் கிடைத்த வேலைகூட இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

பள்ளியும் பன்னிரண்டாம் வயதும்

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள ஓரினப் பிள்ளைகள் பத்துப் பேரேனும் இருக்கும் தோட்டங்களில் பள்ளி வைக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மேல் சுமத்தியது. அப்பள்ளிகளில் பலவற்றில் ஓராசிரியரே எல்லா வகுப்புகளையும் கவனித்தார். ஒரு வகுப்பு வாய்ப்பாடு ஒப்பிக்க, மற்றொரு வகுப்பு சிலேட்டில் எழுதும். பிள்ளைகள் எழுதவும் படிக்கவும் கணக்குப் போடவும் கற்றதே அந்நாளில் பெரும் பேறு. கேள்வி கேட்டு, காரணம் கூறி, தாமே ஒரு முடிவுக்கு வரும் பயிற்சிக்கு அங்கே நேரமும் இல்லை. அதற்கான கருத்தும் இல்லை.

ஆயின், வாழ்க்கை அவர்களைக் காத்திருக்க விடவில்லை. நான்காம் வகுப்போ ஆறாம் வகுப்போ முடிந்ததும் பையன் பால் வாளி தூக்கினான். பெண்பிள்ளை அதற்கும் முன்னரே பள்ளியை விட்டுத் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டாள். மேற்படிப்பா, தோட்ட வேலையா, பட்டணத்துக்குப் போவதா என்பன போன்ற வாழ்நாள் முடிவுகள் 12, 13 வயதிலேயே வந்து நின்றன. அம்முடிவுகளை எடுத்தவர் பெற்றோரோ கங்காணியோ ஆவர். எடுக்கப்பட்ட முடிவின் பலனைச் சுமந்தவர் பிள்ளை.

சட்டம் மெல்லவே அவர்களுக்குத் துணை வந்தது. 1964 வரை, தொடக்கப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லத் தேர்வு ஒன்று தடையாக நின்றது. அது நீக்கப்பட்டு, 1965 முதல் எல்லா மாணவரும் மூன்றாம் படிவம் வரை படிக்க வழி பிறந்தது. 1966-இல் பிள்ளைகள், இளையோர் வேலைச் சட்டம் வந்தது. இவ்விரண்டினாலும் 12 வயதுக்கும் 15 வயதுக்கும் இடைப்பட்ட பருவம், தோட்டத் தமிழ்ப் பிள்ளைக்கு முதன்முறையாகப் படிக்கும் பருவமாயிற்று. அப்பருவத்தில் எதைக் கற்பிப்பது என்னும் வினாவும் அப்போதுதான் பொருளுடையதாயிற்று.

தொண்டர் படை தரும் படிப்பினை

இளையோர் தாமாகவே முடிவெடுத்து எழுந்த ஒரு காலமும் மலாயாவில் உண்டு. போர் முடிந்தபின், 1946, 1947-ஆம் ஆண்டுகளில், கெடா மாநிலத் தோட்டங்களில் தொண்டர் படை என்னும் அமைப்புத் தோன்றியது. கள்ளுக்கடையே தோட்டத் தமிழரின் சீரழிவுக்கு வேர் என்று கண்ட இளைஞர், அணிவகுத்துப் பயிற்சி செய்தனர், கள்ளுக்கடைகளை மறித்தனர், கூட்டங்கள் நடத்தினர். தலைமுறை தலைமுறையாகத் தலைகுனிந்து நின்ற மக்களுக்கு அது பெரும் எழுச்சியூட்டியது என்பதில் ஐயமில்லை.

எனினும், குடித்தவர்களை விசாரித்துத் தண்டிக்கவும் அப்படை முற்பட்டது. காவல்துறையுடன் 1947-இல் மோதல் நேர்ந்தது. பலர் சிறைப்பட, இயக்கம் ஒடுக்கப்பட்டது. அடக்குமுறை கடுமையானதே. ஆயினும், குடிப்பழக்கம் உடையவனை ஊரார் முன் தண்டித்தால் அவன் திருந்துவானா, அவன் குடும்பம் என்னாகும், எதிர்ப்பவரை எவ்வாறு எதிர்கொள்வது என்றெல்லாம் எண்ணிப் பார்க்கும் அவை ஒன்று அவர்களிடம் வலுவாக அமையவில்லை. அவர்கள் கண்டு வளர்ந்த தீர்ப்பு முறை கங்காணியின் பிரம்பும் பஞ்சாயத்தின் தண்டமுமே. கற்றுக்கொடுத்தோர் யாருமில்லாதபோது, இளையோர் தம்மை வருத்திய முறையையே தாமும் கையாள்வர் என்பதற்கு அந்நிகழ்ச்சி ஒரு சான்று.

மணிமன்றத்தின் வழி

அடுத்த சில ஆண்டுகளில் வேறொரு வழி திறந்தது. 1935-இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு, 1950-களின் தொடக்கத்தில் மாணவர் மணிமன்றம் என்னும் பகுதியை வெளியிட்டது. மாணவர் எழுதிய கதை, கட்டுரை, கவிதை அதில் இடம்பெற்றன. தாளில் தோன்றிய மன்றம் விரைவில் தரையில் இறங்கிற்று. மலாயாவின் பட்டணங்களிலும் தோட்டங்களிலும் வாசகர் கூடி மணிமன்றங்களை அமைத்தனர். பின்னர் அவை தமிழ் இளைஞர் மணிமன்றங்களாகவும் அவற்றின் பேரவையாகவும் வளர்ந்தன. அவ்வியக்கம் தந்த எழுத்தாளர், பேச்சாளர், ஆசிரியர் பலர்.

மணிமன்றத்தின் இலக்கியப் பணியைப் போற்றாதவர் இலர். அதன் மற்றொரு பணி போதிய அளவில் பேசப்படவில்லை. மன்றம் என்றால் தலைவர், செயலாளர், பொருளாளர் வேண்டும். அவர்களைத் தேர்ந்தெடுக்கப் பொதுக்கூட்டம் வேண்டும். ஒருவர் முன்மொழிய வேண்டும். மற்றொருவர் வழிமொழிய வேண்டும். கூட்டக் குறிப்பு எழுதி அடுத்த கூட்டத்தில் படித்து ஏற்க வேண்டும். வரவு செலவைக் காட்ட வேண்டும். தமிழர் திருநாளுக்கு நாடகம் போடுவதா, பேச்சுப் போட்டி வைப்பதா என்பது பேசித் தீர வேண்டும். தோற்ற கருத்தினர் வென்ற கருத்தின்படி நாற்காலி தூக்க வேண்டும்.

இவை சிறு செய்திகள் போலத் தோன்றும். கங்காணி சொன்னதே முடிவு என்று வளர்ந்த பையன் ஒருவன், தன் வயதொத்தவர் எதிரே நின்று, தான் கூறும் கருத்துக்குக் காரணம் காட்டி, அதனை அவர்கள் மறுத்தபின்னும் மன்றத்தை விட்டு ஓடாமல் இருக்கக் கற்றான் என்பது சிறு செய்தியன்று. உத்திரமேரூர்ச் சாசனம் முதியோருக்கு வகுத்த கணக்குக் காட்டும் கடமையை, மணிமன்றம் பதின்பருவத்தினருக்கு வகுத்தது. பெண்பிள்ளைகளும் மேடையேறினர், பஞ்சாயத்தில் கிடைக்காத குரல் அவர்களுக்கு மன்றத்தில் கிடைத்தது.

சொற்போரும் பட்டிமன்றமும் இம்மன்றங்களின் உயிர்நாடியாக விளங்கின. பட்டிமண்டபம் என்னும் சொல் பழந்தமிழில் உள்ளதே. மணிமேகலையின் விழாவறை காதையில், 28 நாள் நடைபெறும் இந்திர விழாவை முரசறைந்து அறிவிப்போன், வாதிட வல்லோர் பட்டிமண்டபம் ஏறுக என்கின்றான். அதனை அடுத்து அவன் சொல்வதைத் தமிழாசிரியர் மாணவருக்குச் சுட்டிக்காட்டுவது நன்று. பகைவரோடாயினும் சினமும் பூசலும் கொள்ளாது விலகிச் செல்க என்பது அவ்வறிவிப்பு. வாதத்துக்கு ஓர் இடமும், பூசலுக்கு ஒரு விலக்கும் ஒரே மூச்சில் கூறப்படுகின்றன. கருத்தில் மாறுபடுவதும் மனத்தில் பகை கொள்வதும் வெவ்வேறு என்பதைச் சாத்தனார் அறிந்திருந்தார்.

இங்கு ஒரு வேறுபாட்டையும் மறத்தலாகாது. பட்டிமன்றத்தில் இரு அணியினர் வாதிடுவர். நடுவர் தீர்ப்புக் கூறுவார். எதிரணியின் சொல்லில் ஓட்டை தேடுவதே பேச்சாளரின் திறம். உண்மையான பிணக்கில் இத்திறம் போதாது. சில வேளைகளில் தீங்கும் செய்யும். அங்கே எதிரியின் சொல்லில் உள்ள நியாயத்தைத் தேட வேண்டும். தீர்ப்பை நடுவர் தருவதினும் பிணங்கினோர் தாமே கண்டடைவது நிலைத்து நிற்கும். மணிமன்றம் வாதத்தையும் அவை ஒழுங்கையும் நன்கு கற்பித்தது. சமாதானம் செய்யும் கலையை அது தனியே கற்பித்ததாகக் கூற இயலாது. மன்றங்கள் சில தலைமைப் போட்டியால் பிளவுபட்ட வரலாறும், தமிழர் அமைப்புகள் பலவற்றின் வரலாறும், அக்குறையைக் காட்டுகின்றன.

பிற நாட்டுச் சோதனைகள்

அக்கலையைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க முடியுமா என்னும் வினாவுக்குப் பிற நாட்டார் விடை தேடியுள்ளனர். சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் பியாசே, 1932-இல் வெளியிட்ட நூலில், பிள்ளைகள் கோலி விளையாடுவதைக் கூர்ந்து நோக்கி எழுதினார். சிறு பிள்ளைகள் விளையாட்டின் விதியைப் பெரியோர் தந்த மாறாக் கட்டளையாகக் கருதுகின்றனர். 11, 12 வயதை எட்டும்போது, விதி என்பது ஆடுவோர் ஒப்புக்கொண்ட உடன்பாடு. எல்லோரும் இசைந்தால் அதனை மாற்றலாம் என்று உணர்கின்றனர். தோட்டத்து லயத்தின் முன் கோலியடித்த பிள்ளைகளும் இவ்வாறே விதி பேசி, சண்டையிட்டு, மீண்டும் பேசி ஆடினர். பள்ளி அதனைக் கல்வியாகக் கொள்ளவில்லை என்பதே வேறுபாடு.

போலந்து நாட்டு மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக், 1912-இல் வார்சாவில் தொடங்கிய அனாதை இல்லத்தில் பிள்ளைகளின் நீதிமன்றம் ஒன்றை அமைத்தார். அவ்வாரத்தில் தம்மேல் வழக்கில்லாத பிள்ளைகளுள் சீட்டுக் குலுக்கி நீதிபதிகள் தெரிந்தெடுக்கப்பட்டனர். உத்திரமேரூரில் சீட்டெடுக்க மட்டுமே தகுதி பெற்ற பிள்ளை, வார்சாவில் சீட்டின் வழியே நீதிபதியாயிற்று. அம்மன்றத்தின் சட்டத்தில் முதல் 99 பிரிவுகளும் வழக்கைத் தள்ளவோ மன்னிக்கவோ இடந்தருவன. கடுந்தண்டனைக்கு உரிய பிரிவுகள் இறுதியில் மிகச் சிலவே. கோர்ச்சாக் தாமும் அம்மன்றத்தின் முன் குற்றஞ்சாட்டப்பட்டவராக நின்றிருக்கிறார். 1942-இல் நாசிகள் அப்பிள்ளைகளை திரெபிளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுசென்றபோது, அவர்களைப் பிரிய மறுத்து உடன் சென்று மாண்டவரும் அவரே.

தமிழகத்திலும் இத்தகைய முயற்சி உண்டு. குமரி மாவட்டத்தை நிலைக்களமாகக் கொண்டு, அருட்தந்தை எட்வின் ஜான் முதலியோரின் முயற்சியால் குழந்தைகள் பாராளுமன்றங்கள் பரவின. அண்டை அயலில் உள்ள சிறு எண்ணிக்கையான குடும்பங்களின் பிள்ளைகள் கூடித் தமக்குள் அமைச்சர்களைத் தேர்ந்து, தெருவிளக்கு, குடிநீர், பள்ளிக்கு வராத தோழன் ஆகிய சிக்கல்களைப் பேசி முடிவு காண்பர். அமெரிக்காவில் 1970-களிலிருந்து, மாணவர் பிணக்கை மாணவரே நடுநின்று தீர்க்கும் பயிற்சி பள்ளிகளில் இடம்பெறலாயிற்று. இவை யாவும் ஒன்றையே உணர்த்துகின்றன: பொறுப்புத் தரப்பட்ட பிள்ளை அதற்கேற்பப் பொறுப்புடையதாகின்றது, ஆயின் அதற்கு முறையும் துணையும் வேண்டும்.

தோட்டம் போனபின்

இனி, ஆயர் குரோவுக்குத் திரும்பலாம். மலாக்கா மாநில அரசின் தலைமைச் செயலகம், தொழிற்பேட்டை, நெடுஞ்சாலை, வீடமைப்புப் பகுதிகள் என இவ்வட்டாரம் முற்றிலும் மாறிவிட்டது. புக்கிட் லிந்தாங்கின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி, ரப்பர்க் காலத்தின் நினைவாக இன்றும் உள்ளது. மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. எனினும், மாநிலத்தின் பழைய தோட்டங்கள் பலவற்றின் குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களில் சிதறி வாழ்கின்றன. கங்காணி போய்விட்டார், அவரோடு பஞ்சாயத்தும் போய்விட்டது. கோயில் திடலில் மூத்தோர் கூடித் தீர்த்த பிணக்கு, அடுக்குமாடி வீட்டின் மாடிப்படியில் தீர்வின்றி நிற்கின்றது.

இம்மாற்றத்தின் விலையை இளையோரே மிகுதியாகக் கொடுத்துள்ளனர். 2013-இல் மலேசிய உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் குழுக்களின் பெயரை வெளியிட்டது. அவற்றில் சேர்ந்திருந்தோர் 40,000-க்கும் மேற்பட்டோர் என்றும், அவர்களுள் பத்தில் ஏழு பங்கினர் இந்தியர் என்றும் அப்போது கூறப்பட்டது. மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாத சமூகத்துக்கு இது பேரிடி. வறுமை, தோட்ட இழப்பு, வேலையின்மை ஆகியவை இதன் பெருங்காரணங்கள். பயிற்சியொன்றால் அவற்றைப் போக்கிவிடலாம் என்று எண்ணுவது பேதைமை. ஆயின், குழுவில் சேரும் பையன் அங்கே தேடுவது பெரும்பாலும் தனக்காகப் பேசும் ஒருவனை, தன் சண்டையைத் தீர்த்துவைக்கும் ஒருவனை. பழைய முறைப்படி, முறையீட்டை மேலே கொண்டுசெல்ல அவனுக்கு ஓர் ‘அண்ணன்’ தேவைப்படுகின்றார்.

தமிழ்ப்பள்ளி மாணவருக்கு ஒரு தனி நெருக்கடியும் உண்டு. ஆறாண்டு தமிழில் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழிக்கு மாறுகின்றது. அம்மாற்றத்துக்கு உதவவே புகுமுக வகுப்பு ஏற்பட்டது. 13 வயதில், புதிய பள்ளியில், பல இனத்தாரிடையே, தடுமாறும் மொழியில் அப்பிள்ளை தன் வழக்கைத் தானே பேச வேண்டியிருக்கின்றது. சொல் கிடைக்காத இடத்தில் கை முந்துகின்றது. பேசத் தெரிந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும் தகராறு, கட்டொழுங்கு ஆசிரியரின் குறிப்பேட்டில் ஏறி, பள்ளியிலிருந்து நீக்கும் அளவுக்கு வளர்ந்துவிடுவதும் உண்டு.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

மலேசியப் பள்ளிகளில் இதற்குக் கருவிகள் இல்லாமற் போகவில்லை. 1983 முதல் தொடக்கப்பள்ளியில் நன்னெறிக் கல்வி தனிப்பாடமாக வந்தது. இடைநிலைப்பள்ளிகளில் மாணவரே சக மாணவருக்கு வழிகாட்டும் குழுக்கள் இயங்குகின்றன. அமெரிக்க அறிஞர் கோல்பர்க் வகுத்த முறையில், இருதலைக்கொள்ளி நிலைகளை மாணவர்முன் வைத்து விவாதிப்பதும் நன்னெறிப் பாடத்தில் இடம்பெற்றுள்ளது. ஆயின், பண்புகளின் பெயரை மனனம் செய்து தேர்வில் எழுதுவதோடு பாடம் முடிந்துவிட்டால், உத்திரமேரூர்ச் சிறுவன் ஓலையைப் படிக்காமல் எடுத்துக்கொடுத்த கதையாகவே அது முடியும்.

தமிழாசிரியரிடம் உள்ள கருவி திருக்குறள். முடிவெடுக்கும் முறைக்கு அதனினும் ஒழுங்கான நூல் அரிது. தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என 47 முதல் 50 வரையுள்ள அதிகாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் முறையே ஒரு பாடத்திட்டம். செய்யப்போவதால் அழிவது எது, ஆவது எது, முடிவில் மிஞ்சுவது எது. தன் வலிமை எவ்வளவு. இது தக்க நேரமா. இது தக்க இடமா என்னும் வினாக்கள் அவற்றில் அடங்கியுள்ளன. பள்ளியை விட்டுவிட்டு வேலைக்குப் போக எண்ணும் மாணவன் ஒருவனை இவ்வினாக்களுக்கு எழுத்தில் விடை காணச் செய்தால், அவன் குறளையும் கற்பான். தன் வாழ்வையும் எண்ணிப் பார்ப்பான். பிணக்குத் தீர்க்கும் கலைக்கு நடுவுநிலைமை, கேள்வி, பொறையுடைமை, இகல் ஆகிய அதிகாரங்கள் உள்ளன.

பிணக்குத் தீர்க்கும் பயிற்சியும் கடினமானதன்று. சைக்கிளை இரவல் வாங்கியவன் அதனை உடைத்துவிட்டான் என்று வைத்துக்கொண்டு, மாணவர் இருவரை எதிரெதிரே அமரச் செய்யலாம். முதலில் ஒருவன் நடந்ததைச் சொல்ல வேண்டும், மற்றவன் குறுக்கிடலாகாது. பின் மற்றவன், தான் பேசுமுன், முதல்வன் சொன்னதைத் தன் வாயால் திரும்பக் கூறி, ‘இதுதானே நீ சொன்னது?’ என்று கேட்க வேண்டும். இருவரும் ஆளைக் குறைகூறாது செயலைப் பற்றியே பேச வேண்டும். இழப்பைச் சரிசெய்ய இருவரும் ஆளுக்கு இரண்டு வழி கூற வேண்டும். ஒத்துக்கொண்டதைத் தாளில் எழுதி, ஒரு கிழமை கழித்து அது நடந்ததா என்று பார்க்க வேண்டும். நடுவே அமரும் மூன்றாம் மாணவன் தீர்ப்புச் சொல்வதில்லை. முறை தவறாமல் பார்த்துக்கொள்வதே அவன் வேலை. இதனைத் தமிழில் பழகியபின் மலாய்மொழியிலும் ஒருமுறை நடத்திப் பார்ப்பது புகுமுக வகுப்புக்குப் போகவிருக்கும் ஆறாம் ஆண்டு மாணவருக்குப் பேருதவியாகும்.

இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். எல்லாப் பிணக்கையும் பிள்ளைகளிடம் விடலாகாது. அடிதடி, மிரட்டல், பாலியல் தொல்லை, பணம் பறித்தல் ஆகியவற்றில் துன்புற்றவனைத் துன்புறுத்தியவனோடு சமாதானம் பேச உட்காரவைப்பது கொடுமை. அவை பெரியோரும் சட்டமும் கையாள வேண்டியவை. அவற்றை எவரிடம் எவ்வாறு சொல்வது என்று கற்பதும் இப்பயிற்சியின் ஒரு பகுதி. மற்றொன்று, பிள்ளைகள் தீர்ப்பு வழங்கத் தொடங்கினால் பெரியோரினும் கடுமையாக நடந்துகொள்வதுண்டு. கோர்ச்சாக் மன்னிப்பைச் சட்டத்தின் முதலில் வைத்ததன் காரணம் அதுவே. ஆசிரியர் தாமும் அம்முறைக்கு உட்பட்டு, தம் பிழை சுட்டப்பட்டபோது செவிகொடுத்தாலன்றி, வகுப்பில் எவரும் அதனை நம்பமாட்டார்.

தோட்டத் தமிழ்ப் பிள்ளைக்கு 12 வயதில் வாழ்வின் முடிவுகள் வந்து நின்ற காலத்தில், அவற்றை எடுக்கும் முறையைக் கற்பிக்க எவரும் இல்லை. இன்று அதே வயதில் பள்ளியும் ஆசிரியரும் நூலும் உள. மணிமன்றத்தார் செய்தித்தாளின் ஒரு பகுதியை வைத்துக்கொண்டு தோட்டந்தோறும் அவை அமைத்தனர். வாரத்தில் ஒரு பாடவேளையும் இருபது முப்பது மாணவரும் உள்ள வகுப்பில் அவ்வேலையை மேற்கொண்டு நடத்துவது ஆசிரியருக்கு அரிதன்று. ஓலையை எடுக்கும் கை, அதில் எழுதியிருப்பதைப் படிக்கவும் கற்கட்டும்.